கணவன் மனைவி சேர்ந்து உள்ளூர் பெற்றோர் பத்திரிகை நடத்தினா நிக்குமா?

ஒரு அம்மா கேட்டிருக்காங்க: நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து எங்க ஊர்ல குழந்தை வளர்க்கறவங்களுக்காக ஒரு மாசப் பத்திரிகை ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், படிக்கறவங்களுக்கு இலவசம், விளம்பரத்துல தான் ஓட்டணும், நான் எழுதுவேன், அவருக்கு சேல்ஸ் அனுபவம் இருக்கு, வீட்ல ரெண்டு சின்னப் பசங்க, இது குடும்பத் தொழிலா நிக்குமா, அவர் இப்ப பாக்கற வேலைய விட்டுடலாமா?

நிக்கும். ஆனா நீங்க நினைக்கற காரணத்தால நிக்காது. நல்லா எழுதினா நிக்கும்னு தான் எல்லாரும் ஆரம்பிக்கறாங்க. நான் ரொம்ப வருஷமா சின்னப் பத்திரிகைகளுக்கு லே-அவுட், பிரிண்டிங் வேலையெல்லாம் பண்ணிக் குடுக்கறேன், அதுல ஜோடியா நடத்தறவங்க நிறைய பேர், நல்லா எழுதினவங்களே மூடிட்டுப் போனதையும் பார்த்திருக்கேன், சுமாரா எழுதினவங்க வருஷக்கணக்கா ஓட்டறதையும் பார்த்திருக்கேன். ஓட்டறவங்க கிட்ட பொதுவா இருக்கற ஒண்ணு, எந்த விஷயத்துல யாரோட முடிவு கடைசின்னு சண்டை வர்றதுக்கு முன்னாடியே பேசி எழுதி வச்சிருப்பாங்க. விளம்பரத்துல இவர், பத்திரிகைப் பக்கத்துல என்ன வரணுங்கறதுல அவங்க, பணத்துல ரெண்டு பேரும் கையெழுத்து, இப்படி. கேக்கறதுக்கு சின்ன விஷயமா தெரியும், ஆனா கீழ சொல்லப் போற எல்லாமே கடைசியில இங்க தான் வந்து நிக்கும்.

முதல்ல ஒரு தைரியம் சொல்லிடறேன். புருஷன் பொண்டாட்டி சேர்ந்து பத்திரிகை நடத்தறது புதுசு இல்ல. மத்த பத்திரிகைல வந்த கட்டுரைகள சுருக்கிப் போடற அமெரிக்கப் பத்திரிகை ரீடர்ஸ் டைஜஸ்ட் அப்படி ஆரம்பிச்சது தான், டிவிட் வாலஸ், லைலா வாலஸ்னு ரெண்டு பேர், 1921ல கல்யாணம், 1922 பிப்ரவரில முதல் இதழ், 5,000 பிரதி. பெரிய பதிப்பாளர்கள் யாரும் அந்த ஐடியாவ எடுத்துக்கல, அதனால இவங்களே நேரா ஆளுங்களுக்கு லெட்டர் எழுதி சந்தா பிடிச்சாங்க, அச்சடிக்கறதுக்கு முன்னாடியே சந்தாப் பணம் வந்துடுச்சு. அமெரிக்கப் பதிப்புல 1955 வரைக்கும் விளம்பரமே போடல. உங்களுது அதுக்கு நேர் எதிர், வாசகர் காசு குடுக்க மாட்டாங்க, விளம்பரம் தான் எல்லாம், ஆனா அவங்க கிட்ட எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, பணம் முதல்ல, பிரிண்டிங் அப்புறம்.

இன்னொரு சந்தேகமும் உங்களுக்கு இருக்கும், அச்சுப் பத்திரிகையெல்லாம் செத்துட்டு வரும்போது இது எதுக்குன்னு. பேரன்ட்ஸ் பத்திரிகை 1926ல ஆரம்பிச்சது, அமெரிக்காவுல பெரிய பேர், அதோட அச்சே 2022ல நின்னுடுச்சு. ஆனா அது நின்ன காரணம் உங்களுக்குப் பொருந்தாது. நாடு முழுக்கப் போற பத்திரிகைக்கு நாடு முழுக்க விக்கற கம்பெனி தான் விளம்பரம் குடுக்கும், அந்தக் கம்பெனிங்களுக்கு இன்டர்நெட்ல அதே அம்மாவ குறைஞ்ச காசுல தேடிப் பிடிக்க முடியுது, அதனால போயிட்டாங்க. உள்ளூர் நீச்சல் கிளாஸ் நடத்தறவருக்கு நாடு முழுக்க யார் பார்த்தாலும் பிரயோஜனம் இல்ல, வண்டி எடுத்தா கால் மணி நேரத்துல வந்து சேரக்கூடிய வீடுங்க தான் வேணும். அந்த வீடுங்க கைல போய்ச் சேரும்னு நம்பிக்கை குடுக்கற ஆள் தான் நீங்க. அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துக்குன்னே வர்ற சியாட்டில்ஸ் சைல்ட் மாதிரி ஒரே ஊர வச்சு 1979ல ஆரம்பிச்ச பெற்றோர் பத்திரிகை, தேசியப் பத்திரிகைங்க அச்ச நிறுத்தினதுக்கு அப்புறமும் இருந்துச்சுன்னா இது தான் காரணம். நீங்க விக்கறது உங்க ஊர. கட்டுரை அதுக்கு அப்புறம் தான்.

சரி, பணம். இதுல கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா நிறைய ஜோடிங்க விழற இடம் இது தான்.

இலவசப் பத்திரிகைல பக்கத்துக்கு பக்கம் கணக்கு ரொம்ப எளிமை. மொத்தப் பக்கத்துல ஏறக்குறைய பாதி விளம்பரம் இருக்கணும், சில பேர் 60க்கு 40 கூட போறாங்க, அதுக்கு மேல போனா கையில எடுக்கறவங்களுக்கு நோட்டீஸ் மாதிரி தோண ஆரம்பிச்சுடும். ஒவ்வொரு இதழுக்கும் புதுசா விளம்பரம் தேடி ஓடக் கூடாது. ரேட் கார்டு, அதாவது விளம்பர விலைப் பட்டியல், போடும்போதே ஒரு தடவை போட்டா ஒரு ரேட், ஆறு தடவைக்கு ஒரு ரேட், பன்னெண்டு தடவைக்கு ஒரு ரேட்னு இறக்கிப் போடுங்க, எழுதிக் கையெழுத்து வாங்குங்க, நடுவுல நிறுத்தினா அதுவரைக்கும் குடுத்த தள்ளுபடிய திருப்பிக் கட்டணும்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கணும். பின் அட்டை, உள் அட்டை, நடுப்பக்கம் இதையெல்லாம் வருஷ ஒப்பந்தத்துக்கு மட்டும் குடுங்க, அதுக்கு எப்பவும் போட்டி இருக்கும், ஒரு மாசத்துக்குன்னு கேக்கறவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் குடுக்காதீங்க.

விளம்பரம் பிடிக்கறது பாதி வேலை தான், காச வசூல் பண்றது மீதி. உங்க விளம்பரதாரர் யாரு? டான்ஸ் கிளாஸ், ப்ளே ஸ்கூல், குழந்தைங்க பல் டாக்டர், பிறந்தநாள் பார்ட்டி ஹால், சம்மர் கேம்ப் நடத்தறவங்க. பெரும்பாலும் அவங்களும் உங்கள மாதிரியே சின்னக் குடும்பத் தொழில், அவங்க பசங்களும் உங்க பசங்களும் ஒரே ஸ்கூல்ல படிக்கும். அதனால பாக்கி கேக்க வாய் வராது. நாலு மாச பாக்கியோட அடுத்த இதழ்லயும் அவங்க விளம்பரம் போயிட்டு இருக்கும், பிரஸ்காரர் உங்க கிட்ட பாக்கி கேட்டுட்டு இருப்பார். இதுக்கு வழி, புது ஆளுன்னா முதல் மூணு இதழுக்கு முன்பணம், அதுக்கப்புறம் 30 நாள் கடன், 60 நாள் தாண்டினா அடுத்த இதழ்ல இடம் கிடையாது. இத உங்க வீட்டுக்காரர் ஒவ்வொருத்தர் கிட்டயும் பேசி முடிவு பண்ணக் கூடாது, அது விதியா ரேட் கார்டுல அச்சாகி இருக்கணும். வசூல் போன் பண்றது யாருன்னும் முதல் நாளே முடிவாகணும். என்னக் கேட்டா, விளம்பரம் பிடிச்சவரே வசூலுக்கும் பேசறது நல்லதில்ல, மத்தவங்க பேசட்டும், உறவும் கெடாது காசும் வரும்.

இப்ப நான் மேல சொன்ன கடைசி முடிவு விஷயம். பெரிய பத்திரிகை ஆபீஸ்ல எடிட்டோரியல் ஒரு மாடி, விளம்பரப் பிரிவு வேற மாடி, நடுவுல ஒரு சுவர் இருக்கறதா ஒரு மரபு. உங்க வீட்ல அந்தச் சுவர் நீங்க ரெண்டு பேரும் உக்கார்ற மேஜைக்கு நடுவுல போகுது. என்ன நடக்கும்னா, அவர் ரெண்டு மாசம் அலைஞ்சு ஒரு ப்ரீ-ஸ்கூல வருஷ ஒப்பந்தத்துக்குக் கொண்டு வருவார், பின் அட்டை, நல்ல காசு. அந்த ப்ரீ-ஸ்கூல்காரங்க சொல்வாங்க, சேர்க்கை நேரத்துல ஒரு கவர் ஸ்டோரி போட்டுடுங்க, எங்க பிரின்சிபல் பேட்டி. இவருக்கு வாக்கு குடுக்காம இருக்க முடியாது, ஏன்னா வீட்டு வாடகை இவர் கண்ணு முன்னாடி நிக்குது. நீங்க முடியாதுன்னு சொல்வீங்க, ஏன்னா போன வாரம் தான் அந்த ஸ்கூல விட்டு பிள்ளைய மாத்தின ஒரு அம்மா உங்க கிட்ட காரணம் சொல்லி அழுதிருப்பாங்க. அன்னிக்கு ராத்திரி வர்ற சண்டை பத்திரிகை சண்டையா இருக்காது, என் உழைப்புக்கு மதிப்பில்லையாங்கற சண்டையா மாறிடும்.

இதுக்கு நான் பார்த்ததுலயே நல்லா வேலை செஞ்ச ஏற்பாடு ஒரு ஜோடி பண்ணினது. பத்திரிகைப் பக்கங்கள்ல எது வரணுங்கறது முழுக்க அந்த அம்மா முடிவு, கணவர் சிபாரிசு பண்ணலாம், ஆனா ஒரே ஒரு தடவை தான், அதுக்கு மேல பேச்சு கிடையாது. விளம்பர ரேட், தள்ளுபடி, யாருக்கு எந்த இடம், இது முழுக்க அவர் முடிவு, அந்த அம்மா தன்னோட தோழிக்குன்னாலும் ரேட் குறைக்கச் சொல்ல முடியாது. விளம்பரதாரர் கவர் ஸ்டோரி கேட்டா அவர் மனசாரச் சொல்வார், அது எடிட்டர் கையில இருக்கு, நான் தலையிட முடியாதுன்னு. அது அவருக்கு பெரிய நிம்மதியா இருந்துச்சுன்னு அவரே சொல்வார், மறுக்கற பாரம் அவர் தோள்ல இல்ல. காசு வாங்கிட்டுப் போடற கட்டுரைன்னா மேல விளம்பரம்னு தெளிவா, வேற எழுத்துருல, பக்கம் முழுக்கக் கோடு கட்டிப் போட்டாங்க. ஸ்பான்சர்னு பொடி எழுத்துல போட்டு ஒளிக்கற வேலையெல்லாம் இல்ல. உள்ளூர்ல ஒரு தடவை காசுக்கு எழுதறாங்கன்னு பேர் வந்துட்டா ஸ்கூல் வாசல்லயே அது பரவிடும், அப்புறம் நீங்க உண்மையா நல்லா இருக்குன்னு எழுதறதையும் நம்ப மாட்டாங்க, அந்த நம்பிக்கை போனா விளம்பரமும் போயிடும், ரெண்டும் ஒரே கயிறு தான்.

அடுத்தது இதழ் முடிக்கற வாரம். இத யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். சென்டர் பின் அடிக்கற பத்திரிகைல பக்கம் நாலு நாலாத் தான் ஏறும் இறங்கும், 32, 36, 40 இப்படி. 40 பக்கத்துக்கு டம்மி, அதாவது எந்தப் பக்கத்துல எது வரும்னு ஒரு மாதிரி, போட்டு செவுத்துல சின்னச் சின்னக் காகிதமா ஒட்டி வச்சிருப்பீங்க, விளம்பரப் பக்கம் ஒரு கலர், கட்டுரை ஒரு கலர், காலண்டர் ஒரு கலர். பிரஸ்ஸுக்கு ஃபைல் போக வேண்டிய நாள் சாயங்காலம் ஒரு முழுப்பக்க விளம்பரதாரர் போன் பண்ணி இந்த மாசம் வேண்டாங்கன்னு சொல்வார். இப்ப ஒரு பக்கம் காலி. நாலு பக்கம் குறைக்க முடியாது, ஏன்னா மீதி மூணு பக்கத்துல ஆள் இருக்கு. அதனால எப்பவும் கையில ரெண்டு முழுப்பக்கக் கட்டுரை, நாலு கால்பக்க விஷயம் தேதி இல்லாம தயாரா இருக்கணும், அதோட உங்க பத்திரிகைக்கே ஒரு விளம்பரம், நியூஸ்லெட்டர்ல சேருங்கன்னு, முழுப்பக்கம், அரைப்பக்கம், கால்பக்கம் மூணு சைஸ்லயும் டிசைன் பண்ணி வச்சிடுங்க. ஓட்டைய அடைக்க அவசரமா பாதி ரேட்டுக்கு யாருக்காவது குடுக்கறது மட்டும் வேண்டாம், அது மத்த விளம்பரதாரருக்குத் தெரியாம இருக்காது, அடுத்த வருஷம் எல்லாரும் கடைசி நாள் வரைக்கும் காத்திருப்பாங்க. விளம்பரதாரர் வாட்ஸ்அப்ல லோகோ அனுப்புவாங்க, ஸ்க்ரீன்ல அழகா இருக்கும், அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி, வேணும், அது அதுல பாதி கூட இருக்காது, ஒரிஜினல் ஃபைல் கேட்டு வாங்கற வேலைய ஒப்பந்தம் போடற அன்னிக்கே முடிச்சிடணும். ஓரம் வரைக்கும் கலர் போற விளம்பரம்னா சுத்தி 3 மில்லிமீட்டர் கூட விட்டுத் தரச் சொல்லுங்க, இல்லன்னா வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும், சண்டை வரும்.

இதெல்லாம் நடக்கற அதே வாரம் உங்க சின்னவனுக்கு காய்ச்சல் வரும். வரும், நான் பார்த்த வரைக்கும் வராம இருந்ததே இல்ல. அதனால இதழ் முடிக்கற வாரம் பசங்கள யார் பாத்துக்கறதுங்கறத மாச ஆரம்பத்துலயே காலண்டர்ல எழுதணும், பாட்டியோ, சம்பளத்துக்கு ஒரு ஆளோ. ரெண்டு பேரும் ஒரே கெடுவுல மாட்டிக்கறது தான் ஜோடித் தொழிலோட பெரிய கஷ்டம், வேற வேற ஆபீஸ்ல வேலை பாக்கறவங்களுக்கு ஒருத்தருக்கு நெருக்கடின்னா இன்னொருத்தர் வீட்டப் பாத்துக்கலாம், உங்களுக்கு அது இல்ல. ஒரு நல்லதும் இருக்கு, பத்திரிகை எப்பவும் ரெண்டு மாசம் முன்னாடி ஓடும். சம்மர் கேம்ப் இதழ் தான் வருஷத்துலயே பெரிசா இருக்கும், அந்த வேலை லீவு ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சுடும், லீவு நடக்கும்போது நீங்க ஓரளவு ஃப்ரீயா பசங்களோட இருக்கலாம்.

உங்களுக்கு எழுதப் பிடிக்கும்னு சொன்னீங்க, அதனால இது கொஞ்சம் வலிக்கலாம், உள்ளூர் பெற்றோர் பத்திரிகைல முதல்ல புரட்டறது கட்டுரைய இல்ல, காலண்டர. இந்த சனி ஞாயிறு பசங்கள எங்க கூட்டிட்டுப் போறதுங்கற ஒரு கேள்விக்கு தான் ஜனங்க அத எடுக்கறாங்க. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, நேரம், எந்த வயசுக்கு, காசா இலவசமா, முன்பதிவு வேணுமா, குழந்தைய உக்கார வச்சுத் தள்ளற வண்டி உள்ள போகுமா, டாய்லெட் இருக்கா, இவ்வளவும் போன் போட்டு கேட்டுப் போடுங்க. வெப்சைட்ல பார்த்து அப்படியே எடுக்காதீங்க, போன வருஷத் தேதி அப்படியே கிடக்கும். ரெண்டு குழந்தைய கிளப்பி, துணி மாத்தி, வண்டி ஏத்தி அங்க போய் நின்னா கதவு பூட்டியிருக்குன்னா அந்தக் குடும்பம் உங்க பத்திரிகைய திரும்ப எடுக்காது. தேதியும் கிழமையும் ஒத்துப் போகுதான்னு பாக்கற வேலைய மட்டும் ரெண்டு பேரும் தனித்தனியா பண்ணுங்க, ஒருத்தர் கண்ணுக்குத் தப்பறது இன்னொருத்தர் கண்ணுல படும்.

படங்கள் விஷயத்துல பெற்றோர் பத்திரிகைக்கு மத்த பத்திரிகைக்கு இல்லாத ஒரு பொறுப்பு இருக்கு. ஸ்டாக் போட்டோ வாங்கற தளத்துல தூங்கற குழந்தைன்னு தேடினா குப்புறப் படுத்த குழந்தை, சுத்தி தலகாணி, பொம்மை, மெத்துன்னு போர்வைன்னு அழகழகா வரும். ஆனா குழந்தைய குப்புறப் படுக்க வைக்கக் கூடாதுன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992லயே சொல்லிடுச்சு, அப்புறம் மல்லாக்க தான் படுக்க வைக்கணும்னு சொன்னாங்க, படுக்கைல தலகாணி, பொம்மையெல்லாம் இருக்கக் கூடாதுங்கறதும் அவங்க அறிவுரைல இருக்கு. கட்டுரைல சரியா எழுதிட்டு மேல இந்தப் படத்தப் போட்டா படம் தான் மனசுல நிக்கும். கார் சீட்ல பெல்ட் சரியா இல்லாத குழந்தை, ஹெல்மெட் இல்லாம சைக்கிள் ஓட்டற பையன், இதெல்லாம் அட்டைல வந்து நான் ஃபைல திருப்பி அனுப்பியிருக்கேன். ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு தேன் குடுக்கற குறிப்பு எந்த மூலைலயாவது இருக்கான்னும் பாருங்க, இன்ஃபன்ட் பாட்டுலிசம்ங்கற கிருமி நச்சு நோய் வரலாம், அது விளையாட்டு இல்ல. மருத்துவம் சம்பந்தமா எது வந்தாலும் ஒரு டாக்டர் படிச்சுட்டு தான் போகணும், அந்த டாக்டர் உங்க விளம்பரதாரரா இல்லாம இருந்தா இன்னும் நல்லது.

விளம்பரத்துலயும் எல்லாத்தையும் வாங்க முடியாது. தாய்ப்பாலுக்குப் பதிலா குடுக்கற பவுடர், பால் பாட்டில், நிப்பிள் இதையெல்லாம் பொதுமக்களுக்கு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு உலக சுகாதார அமைப்போட விதிமுறை 1981ல வந்துச்சு. நிறைய நாடுங்க அத வச்சு சட்டமே போட்டிருக்கு, இந்தியாவுல 1992ல வந்த சட்டத்த 2003ல இன்னும் இறுக்கினாங்க, ரெண்டு வயசு வரைக்குமான குழந்தை உணவு விளம்பரமே முடியாது. முதல் வருஷத்துல காசு தேவைப்படற நேரத்துல இந்த மாதிரி விளம்பரம் தானா தேடி வரும்போது வீட்டுக்காரர் சந்தோஷமா வாங்கிட்டு வந்துட்டா கஷ்டம், அதனால எதெல்லாம் வாங்க மாட்டோங்கற பட்டியல் அவர் பையில முதல் நாள்லேர்ந்தே இருக்கட்டும். அதே மாதிரி ஊர்க் குழந்தைங்க போட்டோ போடும்போது அம்மாவோ அப்பாவோ எழுத்துல சம்மதம் தரணும், வாய்ல சொன்னது போதாது, பேரும் ஸ்கூல் பேரும் சேர்த்துப் போடறத நான் எப்பவும் தடுப்பேன்.

உங்க சொந்தப் பசங்களப் பத்தியும் ஒரு வார்த்தை. ஆரம்பத்துல அட்டைப்படத்துக்கு அவங்க தான் மாடல், கட்டுரைல அவங்க அடம், அவங்க தூக்கம் எல்லாம் வரும். பத்து வயசுல அவங்க கூடப் படிக்கறவங்க அத எடுத்துப் படிப்பாங்கங்கறத இப்பவே யோசிங்க. இன்னொன்னு, இது ரொம்ப மெதுவா நடக்கும் அதனால யாருக்கும் தெரியாது, உங்க பசங்க வளர வளர உங்க அக்கறையும் கூட வளரும். பத்து வருஷம் கழிச்சு உங்க மண்டை முழுக்க டீன் ஏஜ், போன், மார்க்கு தான் இருக்கும், பத்திரிகையும் தானா அந்தப் பக்கம் சாய்ஞ்சுடும். ஆனா பத்திரிகைய கையில எடுக்கறவங்க எப்பவும் புதுசா குழந்தை பெத்தவங்க, விளம்பரதாரரும் ப்ளே ஸ்கூலும் பார்ட்டி ஹாலும் தான். வாசகர் மாறிக்கிட்டே இருப்பாங்க, வயசு மாறாது. அந்த நேரத்துல கைக்குழந்தை வச்சிருக்கற ஒரு அம்மாவ பகுதி நேரமா எடிட்டிங்ல சேர்த்துக்கிட்டவங்க தப்பிச்சாங்க. இதுல ஒரு சௌகரியமும் உண்டு, மூணு வருஷத்துக்கு முன்னாடி போட்ட பல் முளைக்கற கட்டுரைய புதுத் தகவலோட திரும்ப எழுதலாம், அப்ப படிச்சவங்க இப்ப அந்தப் பக்கத்தப் பாக்கவே மாட்டாங்க.

விநியோகம் பத்தி சுருக்கமா. லைப்ரரி, குழந்தை டாக்டர் கிளினிக், கிளாஸ் நடக்கற இடம், இங்கெல்லாம் வைங்க, ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு வச்சோம் எவ்வளவு மிஞ்சிச்சுன்னு நோட்டுல எழுதுங்க, மிஞ்சற இடத்துல குறைச்சு காலியாகற இடத்துல கூட்டுங்க. விளம்பரதாரர் கிட்ட பிரதி எண்ணிக்கைய ஏத்திச் சொல்றது இந்தத் துறைல சாதாரணமா நடக்கற விஷயம், தயவு செஞ்சு நீங்க அதப் பண்ணாதீங்க, கேட்டா பிரஸ் பில்லையே காட்டுங்க, அப்படிக் காட்டறவங்க குறைவுங்கறதாலயே உங்கள நம்புவாங்க.

பேர் விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம். எத்தனையோ பத்திரிகைல பதிப்பாளர்னு கணவர் பேர் மட்டும் இருக்கும், அந்த அம்மா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ப்ரூஃப் பார்த்திருப்பாங்க, கேட்டா அவங்க கூட ஒத்தாசையா இருக்காங்கன்னு சொல்வாங்க. அப்படி வேண்டாம். உரிமைப் பத்திரத்துல ரெண்டு பேர், பேங்க் கணக்குல ரெண்டு பேர், பத்திரிகைல ரெண்டு பேர் பேரும் பதவியும். சம்பளம்னு ஒரு தொகை ரெண்டு பேருக்கும் எழுதுங்க, ஆரம்பத்துல எடுக்க முடியலன்னாலும் கணக்குல பாக்கியா நிக்கட்டும், அப்ப தான் இந்தப் பத்திரிகை நிஜமாவே லாபமா, இல்ல உங்க ரெண்டு பேர் கூலியில்லா உழைப்புல ஓடுதான்னு தெரியும். வீட்டுச் செலவு கணக்கு வேற, பத்திரிகை கணக்கு வேற. ஒருத்தருக்கு உடம்பு முடியாம ஒரு மாசம் படுத்துட்டா இன்னொருத்தர் அந்த வேலைய எடுக்கற அளவுக்காவது தெரிஞ்சு வச்சுக்கணும், விளம்பரதாரர் பட்டியலும் பாஸ்வேர்டும் ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் இருக்கக் கூடாது. பிரிஞ்சா பத்திரிகை யாருக்குங்கறதையும் வக்கீல் வச்சு எழுதிடுங்க. நல்லா இருக்கற ஜோடிக்கு தான் அத அமைதியா எழுத முடியும்.

நீங்க நேரா அச்சுல குதிக்கணும்னு அவசியமும் இல்ல. மெக்கரோனி கிட்னு அமெரிக்காவுல ஒண்ணு இருக்கு, ஜாய்ஸ் ஷுல்மன், எரிக் கோஹன்னு ஒரு ஜோடி ஆரம்பிச்சது, ஊர் ஊரா அங்க இருக்கற பெத்தவங்களே அந்த ஊர் நிகழ்ச்சிகள மின்னஞ்சல் நியூஸ்லெட்டரா போடற ஏற்பாடு. பேப்பர் செலவு இல்ல, விநியோகம் இல்ல. நீங்களும் முதல்ல வாராந்திர காலண்டர் நியூஸ்லெட்டரா ஆறு மாசம் நடத்துங்க, மின்னஞ்சல் பட்டியல் உங்க கையில இருக்கும், சோஷியல் மீடியால இருக்கற ஃபாலோயர் மாதிரி அடுத்தவன் விதி மாத்தினா காணாமப் போகாது. அந்தப் பட்டியல காட்டித் தான் முதல் இதழுக்கு விளம்பரம் கேக்கணும்.

வீட்டுக்காரர் வேலைய விடறது பத்தி. 2020ல கொரோனா வந்தப்ப என்ன நடந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க, குடும்பங்க வெளில போறது நின்னுச்சு, காலண்டர் பக்கம் காலியாச்சு, கேம்ப், பார்ட்டி ஹால், கிளாஸ் எல்லாம் ஒரே மாசத்துல மூடினாங்க. இந்தத் தொழில்ல விளம்பரதாரர் எத்தனை பேர் இருந்தாலும் எல்லாரும் ஒரே காத்துல சாய்வாங்க, அந்த நேரத்துல ரெண்டு பேரோட வருமானமும் அதுலேர்ந்தே வந்துட்டிருந்த வீடுங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால இப்ப விட வேண்டாம். அவர் சாயங்காலமும் சனிக்கிழமையும் விளம்பரத்துக்குப் பேசட்டும், பகல்ல விளம்பரதாரரப் பாக்கறது நீங்களோ கமிஷனுக்கு ஒரு ஆளோ. கையெழுத்தான வருஷ ஒப்பந்தங்கள் மட்டும், வாய் வார்த்தைய சேர்க்காம, பிரிண்டிங், விநியோகம், அதோட ஒருத்தர் சம்பளம் இத மூடற அளவுக்கு வந்து, அந்தக் காசுல முக்கால்வாசியாவது கெடு தேதிக்குள்ள வசூலாகறத தொடர்ந்து நாலு இதழ் பார்த்துட்டு, ஆறு மாச வீட்டுச் செலவு தனியா பேங்க்ல இருக்கும்போது விடலாம். இன்ஷூரன்ஸ் அவர் கம்பெனிலேர்ந்து வருதுன்னா அது நின்னா யார் கட்டறதுங்கறதையும் அந்த ஆறு மாசச் செலவுல சேர்த்துக்குங்க.